பலகைக்கு நாலு வரி

வாசலுக்குப் புதுப் பலகை வருகிறது என்றார் ஃபோல்க்மார்.
ஆளுக்கொரு படம், அதன் கீழ் நாலு வரி:
படிப்பு, அனுபவம், ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள்.
நாலுக்கு மேல் கூடாது என்று மேசையில் தட்டினார்.
அவருடையது பதினொன்று வந்தது.
நாடாத் தொழிற்சாலையில் கணக்குப் பார்த்த காலம் மட்டுமே ஐந்து.
தேநீர் நேரத்தில் நாங்கள் வெட்டினோம்.
தலைமயிர் வெட்டின பெடியன்போல
பின்கழுத்தைத் தடவிக்கொண்டார் நிலைய மேலாளர்.

வுப்பெர்ட்டாலில் அன்று மழை.
(அன்று என்பது வீண்சொல்.)
ஆற்றுக்கு மேலே தொங்கு ரயில்
கொடியில் மறந்த ஈரச் சட்டையாய்
ஆடி ஆடிப் போனது.

போஷெனா எழுதினாள்:
முதியோர் பராமரிப்பு பன்னிரண்டு ஆண்டு,
சமையல் குழு, புதன்கிழமை நடை.
எழுதாமல் விட்டது
ஒப்போலேயில் தங்கை வளர்த்த மகனை,
ஞாயிறு நாலு மணிக்கு அவன் எடுக்கும் தொலைபேசியை,
அதில் அவன் அவளைப்
பேர் சொல்லிக் கூப்பிடுவதை.

நுர்தானின் வரிகள் சுத்தம்.
ம்யூன்ஸ்டரில் உளவியல், நடத்தைச் சிகிச்சை, மூன்று மொழி.
ஒன்பது வயதில், டாக்டர் முன்னால்,
"செத்துப்போனால் நல்லது" என்று தாய் சொன்னதை
"களைப்பாக இருக்காம்" என்று
ஜேர்மனில் மாற்றிக் கொடுத்தவள்.
டாக்டர் இரும்புச்சத்துக் குளிசை எழுதினாராம்.
கோப்பை கழுவும்போது ஒருநாள் சொன்னாள்,
குழாயை மூடாமலே.
இப்போதும் யாராவது களைப்பு என்றால்
பேனையைக் கீழே வைத்துவிடுவாள்.

என் தாள் மூன்று கிழமை வெறுமையாகக் கிடந்தது.

என் வேலைக்குத் தகுதியே வருத்தம்.
மற்றவர்கள் படித்து ஏறிய படியில்
நான் விழுந்து வந்தேன்.
எட்டு மாதம் திரைச்சீலை விலக்காத அறை,
ரெண்டு தரம் ஆஸ்பத்திரி,
பிறகு ஒரு வருடப் பயிற்சி, கையில் சான்றிதழ்.
விழுந்ததற்கும் முத்திரை குத்தித் தருகிற நாடு.
ஆனால் அதை வாசலில் ஒட்டினால்?
எதிர்ப்பக்கம் தமிழ்க்கடை.
கறிவேப்பிலைக்கு வருகிற கண்
கண்ணாடியால் எட்டி வாசிக்கும்.
ஹம் கோயில் தேர் வெளிக்கிட முன்னமே
என் கதை வீதி சுற்றி வந்துவிடும்.

ஆகவே எழுதினேன்:
சுகிர்தா. தமிழ், ஜேர்மன்.
ஒன்றரை வரி.
என்னில் வெட்டியதைத் தரட்டுமா என்று மட்டும் கேட்டார்
ஃபோல்க்மார்.

பலகையை முதலில் வாசித்தவர் க்ராபொட்.
பத்தொன்பது வருடமாக இங்கே வருகிறவர்.
காதிடுக்கில் பென்சில்;
அறிவித்தல்களில் பிழை திருத்துவது அவர் பாடு.
போஷெனாவுக்கு ஒரு காற்புள்ளி போட்டார்.
நுர்தானில் பிழை இல்லை, கொஞ்சம் ஏமாந்தார்.
என் படத்தடியில் நின்றார்.
நின்றுகொண்டே இருந்தார்.

"நீங்கள் இங்கே தரை துடைத்தவர்" என்றார்.
"எல்லோரும் காலைத் தூக்கச் சொல்வார்கள்.
நீங்கள் என் காலைச் சுற்றித் துடைத்தீர்கள்."

உண்மை. ஐந்து வருடம், வாளியும் தும்புமாய்.
ஆனால் அது தயவில்லை.
காலைத் தூக்குங்கள் என்பதற்கு
அப்போது என்னிடம் ஜேர்மன் இருக்கவில்லை.
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவர் எழுதத் தொடங்கிவிட்டார்,
என் ஒன்றரை வரிக்குக் கீழே, அழுத்தி:
முன்பு தரை. கால்களைத் தொந்தரவு செய்யாதவர்.
எழுதி முடித்து என் பேரையும் திருத்தினார்,
பிழையாக.

அழிறப்பர் என் லாச்சிக்குள்தான் இருக்கிறது.

நேற்று கடையில் தங்கரூபன் அண்ணை
தராசில் கையை வைத்தபடி கேட்டார்,
"அதென்ன தங்கச்சி, உன்ர படத்துக்குக் கீழ
காலைப் பற்றி ஏதோ போட்டுக்கிடக்கு?"
பெரிய கதை அண்ணை என்றேன்.
கையை எடுத்துப்போட்டு
நிறுங்கோ என்றேன்.